சந்துக் கேமரா யார் சொல்லித் திரும்பியது

கேமரா அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி ஸ்டேஷனிலிருந்து கேட்டார்கள். மலையாளத்தில் எழுதினால் எல்லோருக்கும் வசதி என்றும் சொன்னார்கள். முயன்று பார்த்தேன். மலையாளத்தில் எழுதினால் நான் ரொம்ப மரியாதையான ஆளாகிவிடுகிறேன். எனக்குக் கோபம் தமிழில்தான் வரும். சொல்ல இருப்பதோ கோபமான விஷயம். ஆகவே தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைப் பக்கம் வேலைக்கு வந்தவர்களுக்கு இதை வாசித்துச் சொல்லப் பக்கத்து மேசையில் ஆள் இல்லாமல் போகாது.

நான் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து ஏ.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவள். கடைசி வருடங்களில் முழங்கால் தேய்ந்து ரோட்டில் நிற்க முடியாமல் போனதால் கேமரா அறையில் உட்காரவைத்தார்கள். எந்தப் பொத்தானை அமுக்கினால் எது ஓடும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கேமராவுக்கு நான் விரோதி இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமரவிளையில் காலேஜ் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்பிள்ளையைத் தட்டிவிட்டு ஒரு வேன் பறந்தது. களியக்காவிளையைத் தாண்டிவிட்டால் வேறு மாநிலம், வேறு போலீஸ்; அப்புறம் கடிதம் எழுதிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஒரு டீக்கடைக்காரர் கல்லாவுக்குப் பாதுகாப்பாக வைத்திருந்த கேமரா ஓரமாக ரோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி எல்லை தாண்டுவதற்குள் பிடித்தோம். அந்தப் பிள்ளையின் தகப்பனார் டீக்கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்த பிறகு, வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு வீடு வீடாக நானே ஏறி இறங்கினேன். உங்கள் கேட்டைப் பார்க்கிற கேமராக்களில் ஒன்றை ரோட்டுப் பக்கம் திருப்புங்கள், தெருக்காரர்கள் சேர்ந்து கம்பம் நட்டால் ஸ்டேஷனோடு இணைத்துக்கொள்கிறோம் என்று கேட்டேன். மக்கள் ஒத்துழைப்பு என்று மேலிடத்தில் அதற்குப் பெயர்.

தனுவச்சபுரம் போகிற வழியில் ஒரு தெரு முதல் ஆளாக ஒத்துக்கொண்டது. பழைய சைவக் குடும்பங்கள் வாழும் தெரு. பாட்டன் காலத்தில் நிலமும் சர்க்கார் குமாஸ்தா வேலையும், இப்போது டாக்டரும் என்ஜினியரும் ஜவுளிக்கடையும். மீன் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததே இல்லை என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை. அசோசியேஷன் தலைவர் சர்க்கார் ஆபீசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் கமிட்டியிலும் தலைவர். அவரை நான் பிரசிடெண்ட் சார் என்றே குறிப்பிடுகிறேன். அவர் வாயைத் திறந்தால் தெரு முழுக்கத் தலையாட்டும்.

கேமராக்களை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று பேசக் கூடினோம். தன் வீட்டு வாசலைப் பார்த்து ஒரு கேமரா வைக்க ஒருத்தருக்கும் மனசில்லை. எல்லோருக்கும் பஸ் ஸ்டாப்பிலிருந்து தெருவுக்குள் நுழைகிற வாயைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் "வெளியாட்கள்" அந்த வழியாகத்தான் வருகிறார்கள். யார் அந்த வெளியாட்கள் என்று கேட்டேன். பழைய சாமான் எடுக்கிறவர்கள், வங்காளத் தொழிலாளிகள், பூவாரிலிருந்து மீன் கொண்டுவருகிற பெண்கள் என்று வரிசையாகச் சொன்னார்கள். அந்தப் பெண்கள் நாள்தோறும் நடந்துபோகிற தெருவில் கேமரா வைக்கிறோமே, அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா என்றேன். கூட்டம் சிரித்தது. நானும் சேர்ந்து லேசாகச் சிரித்துவைத்தேன் என்று நினைக்கிறேன்.

வீடுகளின் பின்பக்கச் சந்துக்கும் ஒரு கேமரா வைத்தார்கள். வைத்த மறுநாளே பிரசிடெண்ட் சார் ஆளைக் கூப்பிட்டு அதைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார். தன் வீட்டு மாமரக்கிளை மறைக்கிறதாம். திருப்பிய பிறகு சந்துக்குள் யார் நுழைகிறார்கள் என்பது தெரியும், எந்த வீட்டில் நிற்கிறார்கள் என்பது தெரியாது. இது எனக்குத் தெரிந்தே நடந்தது. மரக்கிளைதானே என்று விட்டுவிட்டேன். இன்னொன்றும் நடந்தது. அசோசியேஷன் பொறுப்பாளர்கள் தங்கள் போனிலேயே கேமராவைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்டார்கள். இது ஆகாது என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர்கள் போட்ட பணம்தானே, பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் விலையைப் பிலோமி கொடுத்தாள்.

பிலோமி பூவார் கடற்கரைக்காரி. ஐம்பதைத் தாண்டியவள். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம், தலையில் அலுமினியச் சருவம், அது நிறைய மீன். சைவத்தெரு வழியாகக் குரல் கொடுக்காமல் நடந்துபோய் அதற்கு அப்பால் உள்ள வீடுகளில் விற்பாள். குரல் கொடுக்கக் கூடாது என்பது அந்தத் தெருவில் அவர்களுக்கு இருந்த கட்டளை.

ஒருநாள் அந்தத் தெருவில் ஒரு வீட்டில் குழந்தைக்கு இருபத்தெட்டு கெட்டு நடந்தது. பிறந்த இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் அரைஞாண் கட்டுகிற சடங்கு. மறுநாள் காலையில் தங்க அரைஞாணைக் காணவில்லை. ஸ்டேஷனுக்குத் தகவல் வருவதற்கு முன்னால் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் கிளிப் வந்துவிட்டது. பிலோமி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பின்பக்கச் சந்துக்குள் நுழைகிறாள். சற்று நேரம் கழித்து வெளியே வந்து முந்தானையைச் சரி செய்துகொண்டு நடக்கிறாள். அவ்வளவுதான் படம். கீழே ஒருத்தர் எழுதியிருந்தார்: இங்கே மீன் வாங்குகிற வீடே கிடையாது, இவளுக்குச் சந்துக்குள் என்ன வேலை? அடுத்த நிமிஷம் அது பக்கத்துத் தெருக் குழுக்களுக்குப் போனது, பிறகு களியக்காவிளை வரைக்கும் போனது. கள்ளி என்று தலைப்பு வேறு.

பஸ் ஸ்டாப்பில் வைத்து அவளை மறித்தார்கள். சருவத்தை இறக்கிக் கவிழ்த்தார்கள். மீன் ரோட்டில் கொட்டிக் கிடக்க, அரைஞாண் அதில் இல்லை. ஆனால் மீனுக்கு அடியிலிருந்து ஒரு எவர்சில்வர் சோற்றுப் பாத்திரம் வந்தது. மூடியில் வீட்டுப் பெயரின் முதலெழுத்துக்கள் வெட்டியிருந்தன. பிரசிடெண்ட் சார் வீட்டுப் பெயர். அப்புறம் கேட்க வேண்டுமா. படித்தவர்கள், பேன்ட் போட்டவர்கள், அவள் கையைப் பிடித்து ஆட்டோவில் தள்ளி ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். பிடித்த கையில் மீன்வாடை ஏறிவிட்டதென்று ஒருவர் எங்கள் குழாயில் சோப்புக் கேட்டுக் கழுவினார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்ஸ்பெக்டர் மந்திரி வருகைக்குப் போயிருந்தார். எஸ்.ஐ. பொடியன், நல்ல பையன்தான், ஆனால் கூட்டத்தைப் பார்த்ததும் எப்படியாவது அனுப்பிவைத்தால் போதும் என்றாகிவிட்டது. வெளியே கோஷம் போடாத குறை. லோக்கல் சேனல்காரன் ஒருவன் மைக்கோடு வந்துவிட்டான். கிளிப் இருக்கிறது, தொண்டி என்று காட்ட அந்தப் பாத்திரம் இருக்கிறது, எழுதி உள்ளே வைத்துவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள் என்று எஸ்.ஐ. என் காதில் சொன்னார். அந்தப் பாத்திரம் யாருடையது என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன்.

பிரசிடெண்ட் சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிலோமி நின்றுகொண்டிருந்தாள். "எங்க வீட்டுப் பாத்திரம்தான்" என்றார் அவர். எப்படி அவளிடம் போனது என்று கேட்டேன். அவர் கையை விரித்தார்.

பிலோமியிடம் திரும்பினேன். சந்துக்குள் போனது உண்மையா என்றதற்கு உண்மை என்றாள். எந்த வீட்டுக்கு என்று கேட்டேன்.

"போனேன் மேடம். எந்த வீட்டுக்குன்னு பறைய மாட்டேன். களவாண்டேன்னு எழுதணும்னா எழுதிக்கோங்க."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். குற்றம் செய்தவள் கதை சொல்வாள், அழுவாள், சத்தியம் செய்வாள். இவள் அந்த அறையில் இருந்த ஒவ்வொருவர் முகத்தையும் நேருக்கு நேர் பார்த்தாள். ஒரே ஒரு முகத்தை மட்டும் தவிர்த்தாள். அது பாத்திரத்துக்குச் சொந்தக்காரரின் முகம். அவர்மேல் பார்வை விழுந்துவிடக் கூடாதே என்று அவள் பாடுபட்டது எனக்குத் தெரிந்தது. இதை எந்தக் கேமராவும் உங்களுக்கு எடுத்துத் தராது.

ஒரு கையெழுத்து வேண்டும் என்று பிரசிடெண்ட் சாரைக் கேமரா அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். பாத்திரத்தின் மூடியைத் திறந்து அவர் மூக்குக்கு அருகில் நீட்டினேன். ஒரு நாளும் பாத்திரம் தேய்த்துப் பழகாத கை கழுவியிருந்தது. மூடியின் மடிப்பில் மிளகும் மஞ்சளும் ஒட்டி, வறுத்த மீன் மணம் அப்படியே இருந்தது. சந்துக் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத் திரையில் காட்டினேன். இதை யார் திருப்பச் சொன்னது என்று கேட்டேன்.

மனிதர் உடைந்துபோனார். பெண்சாதிக்குத் தெரியாமல், பின்பக்கத்தில் தேங்காய் போட்டுவைக்கும் புரையில் உட்கார்ந்து தின்பாராம். வீட்டில் சமைக்க முடியாது என்பதால் பிலோமியே வீட்டில் வறுத்துக் கொண்டுவருவாள். நிறைந்த பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு முந்தைய தடவையின் காலிப் பாத்திரத்தை வாங்கிப் போவாள். மீன் தின்பதில் என்ன குற்றம்? நான் தின்கிறேன், நீங்கள் தின்கிறீர்கள். அந்த வயசில் ஒரு மனிதருக்கு நாக்கில் ஆசை வந்தால் அது அவர் பாடு. அதற்காக எனக்கு அவர்மேல் கோபமே இல்லை.

வெளியே போய் இதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள் என்றேன். பாத்திரம் நான் கொடுத்தது என்று மட்டும் சொன்னால் போதும், அதற்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை என்றேன்.

"ஒரு உபகாரம் செய்யணும் மேடம். கோயில் கமிட்டி, சம்பந்திக்காரங்க... எனக்க மானம் போயிரும். அவளை விட்டுருங்க. எனக்குப் பராதி இல்லைன்னு எழுதித் தாறேன்."

அவர் மானம். கைக்கெட்டும் தூரத்தில், ஒரு கதவுக்கு அந்தப் பக்கம், அவளுடைய மானத்தைப் போன் போனாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது அவர் கணக்கில் வரவே இல்லை. புகார் இல்லை என்று எழுதுவது வேறு, அவள் எடுக்கவில்லை என்று சொல்வது வேறு என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்போது அவர் போன் அடித்தது. அரைஞாண் கிடைத்துவிட்டது. குழந்தையின் துணியோடு சுருண்டு, வாஷிங் மெஷினின் ரப்பர் வளையத்துக்குள் சிக்கிக் கிடந்ததாம். மனிதர் முகத்தில் ரத்தம் திரும்பியது. "பிரச்னை தீர்ந்துபோச்சில்லா மேடம்" என்று எழுந்து கதவைத் திறந்து போய்விட்டார்.

கூட்டம் கலைந்த அழகைச் சொல்கிறேன். ஒருத்தர்கூட அவளிடம் போகவில்லை. சோப்புக் கேட்டவர் எஸ்.ஐ.க்குக் கை கொடுத்து, ஒத்துழைப்புக்கு நன்றி என்றார். கவிழ்த்துக்கொட்டிய மீனைப் பற்றி எவருக்கும் ஞாபகமே இல்லை. பிலோமி காலிச் சருவத்தை எடுத்துக்கொண்டு, பாத்திரத்தைக் காட்டிச் சொன்னாள், "அதை அந்த வீட்டில குடுத்துருங்க."

ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கோபமாகவே கேட்டேன். அவளைத் தவிர வேறு யார் மேலும் கோபத்தைக் காட்ட எனக்கு அப்போது அதிகாரம் இல்லாமல் போனது எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"அவரு பஸ் ஸ்டாப்பில வந்து நாணப்பட்டு நின்னு கேட்டாரு மேடம். யாரிட்டயும் பறைய மாட்டேன்னு மாதாவை வச்சு சொல்லியாச்சு. தின்னதுக்கு ஒரு மனுசனை நாணம் கெடுக்கப்பிடாது. நீங்களும் பறையாதீங்க."

எனக்கும் பூட்டுப் போட்டுவிட்டுப் போனாள்.

மாலையில் அதே குழுவில் செய்தி வந்தது. அரைஞாண் கிடைத்தது, இறைவனுக்கு நன்றி, கும்பிடு போடுகிற கைகள். கிளிப்பை யாரும் எடுக்கவில்லை. எடுங்கள் என்று நான் ஒருவரைக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில், "தங்கம் கிடைச்சது சரி, பாத்திரம் களவுதானே மேடம்?" பிரசிடெண்ட் சாரும் அந்தக் குழுவில்தான் இருந்தார். பார்த்துக்கொண்டு இருந்தார். அவள் வழக்கமாக விற்கிற வீடுகளில் ஒவ்வொன்றாகக் கதவு சாத்த ஆரம்பித்தது. உழைத்துப் பிழைக்கிற ஒருத்தியின் பெயர் கெட்டுப்போவதற்கு ஒரு கையளவு போன் போதுமாயிருந்தது.

பாத்திரத்தை நானே கொண்டுபோனேன். அவர் வீட்டில் இல்லை. அவருடைய மனைவி வாசலுக்கு வந்தார். நெற்றியில் திருநீறு, அதிகம் பேசாத அம்மா. ஸ்டேஷனிலிருந்து ஒப்படைக்கச் சொன்னார்கள் என்று மட்டும் சொன்னேன். வாங்கி, மூடியைத் திறந்து, முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். மூடினார். "உள்ள வந்து வெள்ளம் குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

சில நாட்கள் கழித்து அசோசியேஷன் ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தது. கேமராத் திட்டத்துக்கு மக்கள் ஒத்துழைப்பைத் திரட்டியதற்காக எனக்குப் பொன்னாடை. போக மாட்டேன் என்றேன். இன்ஸ்பெக்டர் உத்தரவாகவே சொன்னதால் போனேன். மண்டபம் நிறைய ஆட்கள். பிரசிடெண்ட் சார் மைக்கில் நின்று, நமது தெருவின் விழிப்புணர்வு என்று பேசினார். அண்மையில் ஒரு அசம்பாவிதத்தைக் கேமரா எப்படிக் கண்டுபிடித்தது என்று பேசினார். வெளியாட்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த இன்னும் இரண்டு கேமரா வேண்டும் என்று பேசினார். நாக்கு கூசவில்லை. பிலோமி போட்ட பூட்டை அதுவரை நான் திறக்கவில்லை. பொன்னாடையை வாங்கும்போது இதைச் சொல்லியே தீருவது, வாக்காவது மண்ணாவது என்று தீர்மானித்து எழுந்தேன்.

எனக்கு முன்னால் பெண்கள் வரிசையில் அவர் மனைவி எழுந்துவிட்டார். மைக் இல்லாமலேயே பேசினார். பெரிய குரல் இல்லை, ஆனால் மண்டபம் அடங்கிவிட்டது.

"அந்தப் பொம்பளை எங்க வீட்டுக்காக்கும் வந்தா. பாத்திரம் நான் குடுத்ததாக்கும். அதில வந்த மீனைத் தின்னதும் நானாக்கும். கள்ளின்னு அனுப்பினவங்க எல்லாம் இதையும் அனுப்புங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டறியாத பெண் அவர். நான் மேடையைப் பார்த்தேன். இப்போதாவது அந்த மனிதர் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். திருட்டை மீன்காரி சுமந்தாயிற்று, மீனைப் பெண்சாதி சுமந்தாயிற்று. அவர் மைக்கின் கழுத்தைக் கொஞ்சம் சரிசெய்தார். அடுத்ததாக நன்றியுரை என்றார்.

பொன்னாடையை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். வாசலில் அந்த அம்மா செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். அவரே சொன்னார்: "மணம் பிடிக்கத் தெரியாதவளா மேடம் நான்? முதல்லயே தெரியும். அவரு பறைவாருன்னு இத்தனை நாளும் பாத்தோண்டு இருந்தேன்."

பிரசிடெண்ட் சார் இப்போது உயிரோடு இல்லை. அந்த அம்மாவிடமும் பிலோமியிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அம்மா தாராளமாக எழுதுங்கள் என்றார். பிலோமி பூவாரில் படகுத்துறைப் பக்கம் உட்கார்ந்து விற்கிறாள். நடந்து விற்ற தெருக்களுக்கு அவள் திரும்பி வரவில்லை. எழுதி இனி என்னத்துக்கு என்று கேட்டாள். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒத்துழைக்கிற மக்கள் என்று உங்கள் முன்னால் நாற்காலியில் உட்காருகிறவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். கேமராவுக்குள் நடந்துபோகிறவர்களும் மக்கள்தான், அவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. போனில் யார் யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். இன்ஸ்பெக்டர் விட்டுவிடச் சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். நான் அதைச் செய்யவில்லை. எந்தக் கேமராவாவது திரும்பியிருந்தால், யார் சொல்லித் திரும்பியது என்று விசாரியுங்கள். அந்தச் சந்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். மாமரத்தை எப்போதோ வெட்டியாயிற்று. கேமரா திரும்பியபடியேதான் இருக்கிறது.

பிலோமியின் கிளிப் போன மாதம் எனக்கே வந்தது, மார்த்தாண்டத்துச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அனுப்பியிருந்தாள், இந்தக் கள்ளியிடம் ஜாக்கிரதை அத்தை என்று. பொய் என்று பதில் எழுதினேன். வீடியோ இருக்கிறதே அத்தை என்றாள். அன்று அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேர் கையிலும் போன் இருந்தது. பொன்னாடைக்காகச் சிலர் தூக்கிப் பிடித்துக்கொண்டும் இருந்தார்கள். அந்த அம்மா எழுந்து பேசியபோது எல்லோரும் அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தர் எடுத்திருந்தாலும் இன்றைக்கு அந்த மார்த்தாண்டத்துப் பெண்ணுக்கு அனுப்ப என்னிடம் ஏதாவது இருந்திருக்கும்.